டைனிஎஸ்ஏ அல்ட்ராவும் ஒரு பழைய எல்என்பியும்: ரேடார் சென்சாரின் சிக்னலைப் பார்க்க இது போதுமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எச்பி100 மாதிரியான 10.525 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல்களை மொத்தமாக வாங்கிப் பொருள் செய்கிறவர்களும், கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு நாலைந்து வாங்குகிறவர்களும், அந்த மாட்யூல் ஒழுங்காக அலை அனுப்புகிறதா என்று பார்க்க டைனிஎஸ்ஏ அல்ட்ரா என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர், அதாவது எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று திரையில் கோடாகக் காட்டும் கருவி, வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து, ஆன்டெனாவை மாட்டி, மாட்யூல் முன்னால் நீட்டினால் பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு மொட்டைமாடியில் துருப்பிடித்துக் கிடக்கும் டிஷ்ஷிலிருந்து ஓர் எல்என்பியைக் கழற்றி வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்த விமர்சனம். எட்டு மாதமாகக் கிட்டத்தட்ட தினமும் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

எனக்குக் கோவையில் சின்னப் பட்டறை. பள்ளிக்கூடத் தெருக்களிலும் ஆலை வளாகங்களிலும் வைக்கிற 'உங்கள் வேகம்' காட்டும் பலகை, ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கேட், இப்படிப்பட்ட வேலைகள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அந்தச் சின்ன எச்பி100 தான். பல வருடமாக நாங்கள் செய்த சோதனை ஒன்றே ஒன்று: மாட்யூலுக்குக் கரண்ட் கொடு, முன்னால் கையை ஆட்டு, எல்இடி எரிந்தால் பாஸ். அதற்குப் பெயர் சோதனை இல்லை என்று இப்போது தெரிகிறது. அரை மீட்டரில் கையை ஆட்டினால் பாதி செத்த மாட்யூல்கூட எல்இடியை எரிய வைத்துவிடும். ரேடாரில் திரும்பி வரும் சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. பக்கத்தில் எல்லாமே பாஸ் ஆகும், இருபது மீட்டரில்தான் குட்டு வெளிப்படும். அனுப்பும் சக்தி 6 டெசிபெல் குறைந்த, அதாவது கால்வாசியாகிப் போன, ஒரு மாட்யூல், இருபது மீட்டரில் பிடிக்க வேண்டிய வண்டியைப் பதினான்கு மீட்டரில்தான் பிடிக்கும். 10 டெசிபெல் குறைந்தால், அதாவது பத்தில் ஒன்றானால், பதினொரு மீட்டர்.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், போன வருடம் மழைக்கு முன்னால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 40 மாட்யூல் வாங்கினேன். அவற்றைப் போட்ட பலகைகளில் சில, வண்டி மூக்குக்குக் கீழே வந்த பிறகுதான் வேகம் காட்டின. ஒரு பலகை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தெருவில் நாய்கூட இல்லாத நேரத்தில், 38, 71, 12 என்று எண்களை அள்ளி வீசியது. ஆலைக் காவலாளி போன் பண்ணி, "சார், உங்க போர்டுக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்றார். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "கை ஆட்டிப் பார்த்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க" என்கிறார். அவர் சொன்னதும் சரிதான். என் கையில் வேறு எந்த ஆதாரமும் இல்லை.

10 கிகாஹெர்ட்ஸ் வரை நேராக அளக்கும் பெரிய கம்பெனி ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்றால் விலை லட்சக்கணக்கில் போகும். என்னைப் போன்றவர்களுக்கு அது ஆகாது. அப்போதுதான் ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர் டைனிஎஸ்ஏ பற்றிச் சொன்னார். எரிக் காஷூக் என்பவர் வடிவமைத்த கருவி இது. முதல் மாடல் 2020 இல் வந்தது, நான் வைத்திருக்கும் அல்ட்ரா 2022 இல். சட்டைப்பையில் அடங்காது, ஆனால் உள்ளங்கையில் அடங்கும். 4 அங்குலத் திரை, உள்ளே பேட்டரி, மெமரி கார்டு போட ஒரு துளை. சாதாரண முறையில் 800 மெகாஹெர்ட்ஸ் வரை அளவுகள் நம்பகமானவை. அமைப்பு மெனுவில் அல்ட்ரா முறையைத் தேர்ந்தெடுத்து 4321 என்று தட்டினால் 6 கிகாஹெர்ட்ஸ் வரை திறந்துகொள்ளும். அதற்கு மேல் 12 வரை பார்க்கலாம். இந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள், அளக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இதற்குப் போலிகள் நிறைய உலாவுகின்றன. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே தகரக் கவசம் ஒழுங்காக இருக்காது, அதனால் திரையில் இல்லாத சிக்னல் எல்லாம் தெரியும். கருவியைச் செய்தவர்களே எங்கே வாங்கினால் அசல் கிடைக்கும் என்று தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். கைக்கு வந்தவுடன் கூடவே வரும் சின்ன கேபிளால் இரண்டு துளைகளையும் இணைத்து, சுயசோதனையை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். அது முழுவதும் பச்சையாக முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள், மேலே எதுவும் செய்ய வேண்டாம்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்சிடபிள்யூஎல்-0516 என்று ஒரு பச்சைப் பலகை, நூறு ரூபாய்க்கும் கீழே கிடைக்கும், ஆள் நடமாட்டத்தைப் பார்த்து விளக்குப் போடுவதற்குப் பலரும் வாங்குகிறார்கள். அது 3.2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது, அல்ட்ராவின் நேரடி எல்லைக்குள் வருகிறது. சின்ன ஆன்டெனாவை மாட்டி ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் போதும். பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர் தானே அலையை உண்டாக்கி, அனுப்பி, திரும்பி வருவதையும் தானே வாங்கிக்கொள்கிறது. அதனால் கையை அருகில் கொண்டு போனாலே திரையில் கோடு நகர்கிறது, பின்னால் ஒரு தகரத்தை வைத்தால் இன்னொரு இடத்துக்குப் போகிறது. ஐந்து பலகையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன், ஐந்தும் ஐந்து இடத்தில். இரண்டு மடங்கு அலைவரிசையில் கூடவே ஒரு குட்டிக் கோடு வேறு. 2022 ஏலத்தில் இந்தியாவில் 5ஜிக்குக் கொடுத்த 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டை பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது. வீட்டு விளக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வது வேறு. விற்கிற பொருளில் இதைப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

சரி, எச்பி100க்கு வருவோம். இது வேறு சாதி. உள்ளே ஒரு பீங்கான் வில்லை, அதாவது டைஎலக்ட்ரிக் ரெசனேட்டர், அதுதான் அலைவரிசையைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே தகர மூடி, மூடியில் ஒரு திருகு. திருகு இறங்கினால் ஏறினால் அலைவரிசை மாறும். பின்பக்கம் நான்கு செப்புச் சதுரங்கள், இரண்டு அனுப்ப, இரண்டு வாங்க. 5 வோல்ட், 30 முதல் 40 மில்லியாம்பியர். தரத்தாளில் 10.520 முதல் 10.530 வரை இருக்க வேண்டும், வெளியே வரும் சக்தி 12 முதல் 20 டிபிஎம்முக்குள் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபெல் அளவு), சராசரியாக 15, என்று போட்டிருக்கிறார்கள்.

இதை அல்ட்ராவில் நேரடியாகப் பார்க்க முடிகிறது. 10.5 பக்கம் போய், ஆன்டெனா மாட்டும் எஸ்எம்ஏ முனையில் ஏழு மில்லிமீட்டர் கம்பியைக் குத்தி, மாட்யூலைக் கிட்டத்தில் வைத்தால் கோடு எழும்புகிறது. ஆனால் அந்தக் கோட்டின் உயரத்தை நம்பக்கூடாது, கருவி அங்கே அளவு சொல்வதாக உத்தரவாதம் கொடுக்கவில்லை. அதோடு உணர்திறனும் அங்கே குறைவு. நிஜச் சிக்னலோடு கருவியே உண்டாக்கும் நிழல் கோடுகளும் எழுகின்றன. எது நிஜம் எது நிழல் என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். மாட்யூல் உயிரோடு இருக்கிறதா, கிட்டத்தட்ட எந்த அலைவரிசையில் இருக்கிறது, இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் போதும் என்றால் இதுவே போதும். எனக்குப் போதவில்லை.

அங்கேதான் எல்என்பி வருகிறது. டிடிஎச் டிஷ்ஷின் நுனியில் இருக்குமே, அந்தக் குமிழ் போன்ற சாமான். யூனிவர்சல் எல்என்பி என்றால் உள்ளே 9.75 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்று ஓடுகிறது, வானத்திலிருந்து வருவதில் அதைக் கழித்து மீதியைக் கேபிளில் இறக்கும். நம் மாட்யூல் 10.525. கழித்தால் 775 மெகாஹெர்ட்ஸ். அல்ட்ராவின் 800 வரையான நல்ல எல்லைக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. எல்என்பியின் அதிகாரபூர்வ எல்லை 10.7க்கு மேல்தான், ஆனால் அதற்குக் கீழேயும் அது வேலை செய்யும். க்யூஓ-100 என்ற செயற்கைக்கோளின் 10.489 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை ஹாம் நண்பர்கள் சாதாரண எல்என்பியில்தான் கேட்கிறார்கள், ஆகவே இது சோதித்துத் தேறிய வழி. ஒட்டியிருக்கும் சீட்டில் 9.75 என்றும் 10.6 என்றும் இரண்டு எண்களும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 10.6 மட்டும் இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. உள்ளே ஓடும் அலையை ஒரு படிகத்தோடு பூட்டி வைக்கும் பிஎல்எல் வகை என்றால் இன்னும் நல்லது, கோடு நிலையாக நிற்கும். பழைய வகையாக இருந்தால் எல்என்பியே சூட்டில் நகரும், நகர்வது மாட்யூலா எல்என்பியா என்று தெரியாது.

எல்என்பிக்குக் கேபிள் வழியாகத்தான் 13 வோல்ட் போக வேண்டும். அந்த வோல்ட் டைனிஎஸ்ஏவுக்குள் போனால் முன்பக்கம் காலி. நடுவில் எல்என்பிக்கு வோல்ட் ஏற்றும் ஒரு பவர் இன்சர்ட்டர், அதற்கு அப்புறம் அந்த வோல்ட்டைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் ஒரு டிசி பிளாக், அதற்கும் அப்புறம் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபெல் அட்டென்யுவேட்டர், இந்த வரிசையில் மாட்டியிருக்கிறேன். மூன்றில் எதையும் விட்டுவிடாதீர்கள். மீட்டரை வைத்து, கேபிளின் கடைசி முனையில் வோல்ட் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கருவியில் திருக வேண்டும். நான் இன்றும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இனி முக்கியமான இடம். எல்என்பி என்பது 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயற்கைக்கோளைக் கேட்கச் செய்தது. அதன் காதுக்குள் ஒரு மீட்டரில் எச்பி100ஐ வைத்தால் அது திக்குமுக்காடிப் போகும். திரையில் பத்துப் பதினைந்து கோடுகள் எழும்பும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மாட்யூல் எல்லாமே குப்பை என்று முடிவு கட்டிவிட்டேன். குப்பை மாட்யூல் அல்ல, எல்என்பி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். கோடு 6 டெசிபெல் அளவில் இறங்க வேண்டும். அறைக்குள் சுவரில் பட்டு வரும் அலைகளால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. ஆனால் இறங்கவே இல்லை என்றால் எல்என்பி திணறுகிறது என்று பொருள்.

திணறலைக் குறைக்க எல்என்பியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன், அது மட்டும் போதவில்லை. அப்புறம் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை நனைத்துப் பிழிந்து அதன் வாயில் போர்த்தினேன். தண்ணீர் இந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சும். குப்பைக் கோடுகள் எல்லாம் மறைந்து, நடுவில் ஒற்றைக் கோடு சுத்தமாக நின்றது. பட்டறையே கைதட்டாத குறை. ஒரு மணி நேரம் கழித்து என்னிடம் வேலை செய்யும் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, சிக்னல் தானா ஏறுதுங்ண்ணா. யாரும் தொடலீங்க." பார்த்தால் உண்மைதான், 4 டெசிபெல் ஏறியிருந்தது. மாட்யூலை மாற்றினோம், அதுவும் ஏறியது. சப்ளையை மாற்றினோம், அப்போதும் ஏறியது. மின்விசிறி நேராகத் துண்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது, துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். இப்போது துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டித்தான் வைக்கிறோம்.

அன்றைக்கே இன்னொரு வழக்கமும் வந்தது. ஒரு பலகையில் ஆணி அடித்து மாட்யூலுக்கு ஓர் இடம், எல்என்பிக்கு ஓர் இடம் என்று நிரந்தரமாக்கினோம். ரோட்டில் இரண்டு வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பலகையிலிருந்து மாட்யூலைக் கழற்றி அதற்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தோம். தினமும் காலையில் முதலில் மாஸ்டர், அது காட்டும் உயரம் எதுவோ அதுதான் அன்றைய பூஜ்யம். மற்ற மாட்யூல் எல்லாம் அதற்கு மேலா கீழா என்றுதான் பார்க்கிறோம். எல்என்பி அந்த ஓரத்தில் எவ்வளவு பெருக்குகிறது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்கிற வரை அது எல்லோருக்கும் ஒன்றுதான். எல்என்பி ஒரு திசை அலையைத்தான் வாங்கும், ஆகவே மாட்யூலை ஒருமுறை சுழற்றி உச்சம் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துவதும் முக்கியம். குறுக்கே வைத்துவிட்டு மாட்யூல் பலவீனம் என்று சொல்லக்கூடாது.

அந்த 40 மாட்யூலையும் இப்படி வரிசையாகப் பார்த்தேன். 31 மாஸ்டருக்கு 3 டெசிபெல் முன்னே பின்னே இருந்தன. 5 மாட்யூல் 6 முதல் 10 டெசிபெல் வரை கீழே. 3 மாட்யூலின் அலைவரிசை 15 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விலகி இருந்தது, அவற்றில் இரண்டின் திருகில் யாரோ ஸ்க்ரூடிரைவர் வைத்த கீறல். கடைசி ஒன்றுதான் அந்தப் பேய்.

பேய் மாட்யூல் மேசையில் வைத்திருந்தபோது ஒழுங்காக இருந்தது. உயரம் சரி, இடம் சரி, கோடு மெலிசு. பாஸ் என்று எழுதிவிட்டு அதை எடுக்கக் கையை நீட்டியபோது என் பேனா அதன் தகர மூடியில் இடித்தது. திரையில் கோடு துள்ளிப் போய் வேறு இடத்தில் நின்றது. இன்னொரு தட்டு, திரும்பி வந்தது. பதினைந்து முறை தட்டியிருப்பேன், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துள்ளல். கழற்றிப் பார்த்தபோது மூடியின் ஒரு மூலை சரியாகச் சால்டர் ஆகாமல் தூக்கிக்கொண்டிருந்தது. மூடி அசைந்தால் உள்ளே இருக்கும் வில்லைக்கு மேலே உள்ள இடைவெளி மாறுகிறது, அலைவரிசை மாறுகிறது. ஆலை வாசலில் தெரு காலிதான், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி ஷிப்ட் தறி ஓடுகிறது, கம்பம் அதிர்கிறது, மூடி துடிக்கிறது, பலகை 71 என்கிறது. இப்போது எங்கள் சோதனையில் பேனாத் தட்டு கட்டாயம். மூன்று தட்டு, கோடு அசையக்கூடாது. இதற்காக மட்டும்கூட இந்தக் கருவியை வாங்கலாம் என்பேன்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், அது மாட்யூலைப் பற்றியதே அல்ல. நல்ல மாட்யூல் ஒன்றைப் பலகைக்குள் மாட்டி, அதன் சொந்த பவர் சப்ளையோடு பார்த்தேன். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கோபுரத்துக்குப் பக்கத்தில் குட்டிக் கோபுரம் போலக் கோடுகள், சம தூரத்தில். மார்க்கரை வைத்து அளந்தால் தூரம் 50 கிலோஹெர்ட்ஸ் அளவு. பலகையில் 12 வோல்ட்டை 5 ஆக்குவதற்கு எல்எம்2596 போட்ட நீல நிறப் பலகையைப் போட்டிருந்தோம், எல்லோரும் போடுவதுதான். ஆனால் எல்எம்2596 சுவிட்ச் ஆவது 150 கிலோஹெர்ட்ஸில். 50 எங்கிருந்து வந்தது? சந்தையில் கிடைக்கும் போலிச் சில்லுகள் பல அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. எல்எம்2596 என்று மேலே அச்சடித்திருந்த சில்லு உண்மையில் வேறு ஏதோ ஒன்று. அதன் ரிப்பிள், அதாவது வோல்ட்டில் வரும் குட்டி ஏற்ற இறக்கம், 5 வோல்ட்டில் ஏறி, மாட்யூலின் அலைவரிசையை ஆட்டி, 10 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மாட்யூலைத் திட்டிக்கொண்டிருந்தோமே, குற்றவாளி பக்கத்தில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

50 கிலோஹெர்ட்ஸ் நேரடியாக வேகக் கணக்கைக் கெடுக்காது. நகரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அலைவரிசை கொஞ்சம் மாறுகிறது, இந்த டாப்ளர் மாற்றத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகிறோம். 10.525இல் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 19.49 ஹெர்ட்ஸ், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிகூட இரண்டு கிலோஹெர்ட்ஸுக்குள்தான். ஆனால் 40 மில்லியாம்பியர் என்ற குறைந்த சுமையில் இந்தப் போலிச் சில்லுகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது அந்த நடுக்கம் டாப்ளர் எல்லைக்குள்ளும் இறங்குகிறது. இப்போது அந்த நீலப் பலகைக்கு அப்புறம் ஒரு சாதாரண லீனியர் ரெகுலேட்டரைப் போடுகிறோம், முன்னதை 8 வோல்ட்டில் நிறுத்திவிட்டு. குட்டிக் கோபுரங்கள் மறைந்துவிட்டன. ரெகுலேட்டருக்கு ஆன செலவு ஒரு டீ, ஒரு வடை.

அலைவரிசை விலகினால் வேகம் தப்பாகக் காட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 மெகாஹெர்ட்ஸ் விலகினாலும் பிழை நூற்றுக்கு 0.3க்கும் கீழே. அறுபதில் போகும் வண்டிக்குக் கால் கிலோமீட்டர்கூட வராது. ஹேர் டிரையரால் மாட்யூலைச் சூடாக்கினேன், கோடு சில நூறு கிலோஹெர்ட்ஸ் மெதுவாக நகர்ந்தது, அதுவும் வேகக் கணக்குக்கு ஒன்றுமே இல்லை. மெதுவாக நகர்வது தொல்லை இல்லை, துள்ளுவதுதான் தொல்லை. ஆனால் விலகிய மாட்யூலை நான் பயன்படுத்துவதில்லை. காரணம் வேறு: தனக்கென்று கொடுத்த பட்டைக்கு வெளியே போய் அலை அனுப்புவது சரியில்லை. அதோடு, திருகைத் தொட்ட மாட்யூலில் வேறு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பெட்டி எதைக் காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாட்யூல் எப்படிக் கேட்கிறது என்பது இதில் தெரியாது, எப்படிப் பேசுகிறது என்பது மட்டும்தான் தெரியும். பட்டறை டியூப் லைட்டின் கீழே நல்ல மாட்யூல்கூட மணிக்கு 5 கிலோமீட்டர் என்று காட்டும், தெரியுமா? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழாய் விளக்கு நொடிக்கு 100 முறை எரிந்து அணைகிறது, உள்ளே இருக்கும் அயனி வாயு ஒவ்வொரு முறையும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புகிறது. 100ஐ 19.49ஆல் வகுத்தால் 5.1. அனலைசரில் கோடு சுத்தமாக இருந்தது, நான் மாட்யூலைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்தவுடன் சரியானது. வாங்கும் பக்கத்தைப் பார்க்க ஓர் ஆம்ப்ளிஃபையரும் ஆசிலாஸ்கோப்பும் தனியாக வேண்டும், அதற்கு இது மாற்று அல்ல.

ஃபேஸ் நாய்ஸ், அதாவது கோட்டின் அடிவாரம் எவ்வளவு மெலிசு என்பதை, இதில் அளக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்என்பிக்கும் சொந்த அடிவாரம் உண்டு, டைனிஎஸ்ஏவுக்கும் உண்டு. மாட்யூல் அவற்றைவிட மோசமாக இருந்தால் தெரியும், நன்றாக இருந்தால் எவ்வளவு நன்றாக என்று தெரியாது. எங்களைப் போலக் கிட்டத்துத் தூர டாப்ளருக்கு இது பெரிய குறையும் இல்லை. அனுப்புவதும் ஒப்பிடுவதும் ஒரே அலை. சில பத்து மீட்டர் போய்வரும் நேரத்துக்குள் நடக்கும் நடுக்கம் பெரும்பாலும் தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது.

கருவியின் வசதி பற்றிச் சில வார்த்தை. மிகக் குறுகிய 200 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் வைத்தால் பட்டை விரிவாக இருக்கும்போது ஒரு சுற்று முடிய நேரம் எடுக்கும், அதற்குள் மாட்யூல் நகர்ந்து கோடு தடித்த மாதிரி தெரியும். முதலில் 10 மெகாஹெர்ட்ஸ் விரிவில் கோட்டைத் தேடி, அப்புறம் 300 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கி, வடிகட்டியைக் கருவியின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது என் வழக்கம். தொடுதிரை விரலுக்குச் சின்னது, கூட வரும் குச்சியைத் தொலைக்காதீர்கள். திரைப் படத்தை மெமரி கார்டில் சேமிக்கும் வசதிதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு படம், பின்பக்கம் எழுதிய எண்ணே படத்தின் பெயர்.

24 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் வைத்திருப்பவர்களுக்கு, இப்போது எல்லோரும் வாங்கும் எல்டி2410 உட்பட, இந்தக் கருவியும் எல்என்பியும் பயன்படாது. எட்டாது. அது போதாதென்று எல்டி2410 ஒரே இடத்தில் நிற்காமல் பட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும் வகை, அந்த ஓட்டம் நேர்க்கோடாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே சோதனையே. கார்களில் வரும் 76, 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு இன்னும் பெரிய ஏற்பாடு, ஹார்மோனிக் மிக்சர், ஹார்ன் ஆன்டெனா என்று போகும். அதையெல்லாம் ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். அதே போல, பொருளுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசியின் அனுமதி வாங்கப் போகிறீர்கள் என்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கைதான் செல்லும், டைனிஎஸ்ஏ படத்தைக் காட்ட முடியாது. ஆனால் ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் ஒரு தடவை கட்டுவதோடு முடியும்.

இந்த வருடம் சித்திரையில் அடுத்த கொள்முதலுக்குச் சென்னை போனபோது ஒரு அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன், ஆணி அடித்த பலகை, பையில் கட்டிய துண்டு, மாஸ்டர் உட்பட. அதே கடை. பழைய ஒன்பது மாட்யூலையும் அவற்றின் படங்களையும் கவுன்டரில் வைத்தேன். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். பேய் மாட்யூலைத் தட்டிக் காட்டினேன். அவரே என் பேனாவை வாங்கி இரண்டு முறை தட்டினார். ஒன்பதையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே திரும்பி, "அந்த மேல் தட்டு டப்பாவையும் எடுத்துட்டு வாப்பா, சார் ஒரு தடவை பாத்துரட்டும்" என்றார். ராத்திரி எட்டரை மணி வரை பார்த்தோம். 60 மாட்யூல், அதில் 7 தனியே போனது.